பெண் மேற்பார்வையாளர்கள் அனைவரும்

பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் மனைவியின் தம்பி, தொழிலாளர் பொருளியல் பேராசிரியர், இந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறாராம். அவருக்கு ஒரு பாராட்டு மலர் போடுகிறார்களாம். அதில் ‘குடும்பத்தின் பார்வையில்’ என்று இரண்டு பக்கம் நான் எழுதித் தர வேண்டுமாம். கொஞ்சம் நகைச்சுவையாக இருந்தால் நல்லது என்று கீழே ஒரு குறிப்பு வேறு. முப்பத்தெட்டு வருஷம் அச்சகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதைத் திருத்தியே காலத்தை ஓட்டியவன் நான். இப்போதுதான் முதல் தடவையாக என்னையே எழுதச் சொல்லி ஒருவர் கேட்கிறார். எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தான் என்று பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. அவரைப் பேராசிரியர் ஆக்கியது ஒரு புத்தகம். அந்தப் புத்தகத்தைத் தூக்கி நிறுத்தியது ஓர் அட்டவணை. அந்த அட்டவணையின் ஒரு வரியில் என் மனைவியின் வேலை மாட்டிக்கொண்டிருந்தது. இதில் நகைச்சுவைக்கு எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவுக்கும் தம்பிக்கும் ஒன்பது வயது வித்தியாசம். பெற்றவர்கள் இருவரும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது, அவனுக்குப் பத்து. மலருக்கு எழுதுவதால் ‘அவர்’ என்றுதான் போட வேண்டும், ஆனால் பத்து வயதுப் பையனை எப்படி ‘அவர்’ என்பது? வளர்ந்ததும் மாற்றிக்கொள்கிறேன். அவள் படிப்பை அப்படியே மூடி வைத்துவிட்டு பாட்டில் தொழிற்சாலையில் சேர்ந்தாள். எங்கள் ஊரில் கண்ணாடித் தொழிற்சாலை என்றால் அது ஒன்றுதான். சூளையிலிருந்து வரும் பாட்டில்கள் ஒரு பட்டையின் மேல் வரிசையாக நகர்ந்து வரும். அவற்றுக்குப் பின்னால் பளீரென்று ஒரு வெள்ளை விளக்குப் பலகை. அதற்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்து, விரிசல் விட்டதையும் குமிழி விழுந்ததையும் வாய் கோணியதையும் பொறுக்கித் தள்ள வேண்டும். மணிக்குப் பத்து நிமிஷம் கண்ணுக்கு ஓய்வு என்று சுவரில் எழுதியிருந்தது. அது சுவரோடு சரி.

வேலை முடிந்து வந்ததும் அவள் அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் கிடப்பாளாம். தம்பி எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பானாம்.

“இன்னிக்கு யாருக்காவது கை கிழிஞ்சுதா?”

“ரெண்டு பேருக்கு.”

“அதை எழுதி வச்சாங்களா?”

“எதுலடா எழுதுவாங்க?”

“காயம் பட்டா எழுதணும்னு ஒரு புத்தகம் இருக்குன்னு நீதானே சொன்ன.”

“உனக்கு எதுக்கு அது. பாடத்தைப் படி.”

படித்தான். படித்து முடித்த பிறகும் அந்தக் கேள்வியை மட்டும் விடவில்லை. வேலையில் அடிபட்டவர்கள் ஏன் அதை வெளியே சொல்வதில்லை என்பதுதான் அவருடைய முனைவர் பட்டத் தலைப்பு. பிறகு எழுதிய கட்டுரைகளும் அதைப் பற்றித்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொன்ன பதில்களில்தான் அவர் பிழைப்பு முளைத்தது என்று நான் சொன்னால் அவரே மறுக்க மாட்டார்.

எங்கள் கல்யாணத்தன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். நகைச்சுவை கேட்டார்களே, இதை வைத்துக்கொள்ளட்டும். மாப்பிள்ளையாக நான் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். அப்போது அவர் கல்லூரி மாணவர். கையில் சின்ன நோட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அத்தான், ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் புரூஃப் பார்ப்பீங்க? சாயங்காலம் ஆக ஆக விடுற தப்பு கூடுமா, குறையுமா?” என்று கேட்டார். “எனக்குப் பொண்ணு குடுத்தாச்சா, இல்ல இன்னும் இன்டர்வியூ நடக்குதா?” என்றேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். என் மனைவி குனிந்து சிரித்தாள். அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடிக்கும். மூக்குக்கு மேல் கோபம் வருகிற எனக்கும் அவருக்கும் இருபது வருஷம் ஒரு சண்டை வந்ததில்லை.

பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆனார். அடுத்த படியும் ஏறினார். அதற்கு மேல் கதவு திறக்கவில்லை. பேராசிரியர் பதவிக்கு இரண்டு தடவை நேர்காணலுக்குப் போனார், இரண்டு தடவையும் கையைப் பிசைந்துகொண்டு திரும்பி வந்தார். குழுவில் இருந்தவர்கள் சொன்னது ஒன்றே ஒன்று. “எல்லாம் தொழிலாளிகள் சொன்னது. மேலே இருக்கிறவர்கள் ஒருவர்கூட இதை ஒப்புக்கொண்டதாக உங்களிடம் இல்லையே.” இரண்டாம் தடவை வந்தபோது சாப்பாட்டு மேசையில் அவர் தட்டைத் தொடவேயில்லை. என் மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அவர் பெரிய கணக்கெடுப்பைத் தொடங்கினார். பாட்டில் தொழிற்சாலையில் வேலை செய்யும் அத்தனை பேரிடமும், நிரந்தரம், ஒப்பந்தம், மேற்பார்வை என்று ஒருவரையும் விடாமல், வீடு வீடாகப் போய்க் கேட்பது. சில வருஷம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடியும் கேட்பது. என் மனைவி அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் மேற்பார்வையாளர் ஆகியிருந்தாள். இருபத்து நான்கு மேற்பார்வையாளர்களில் இருபத்து மூன்று பேர் ஆண்கள். இவள் ஒருத்தி. விளக்குப் பலகைக்கு முன்னால் இருபத்தைந்து வருஷம் உட்கார்ந்த பிறகு, அதே பெண்களுக்குப் பின்னால் நிற்கும் வேலை கிடைத்தது. நீலக் கோட்டு ஒன்று கொடுத்தார்கள். அதை யாரையும் துவைக்க விடமாட்டாள், தானேதான் துவைப்பாள். அந்த வேலை அவளுக்கு எப்படிப்பட்டது என்று இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கேள்வி கேட்க ஆள் வருவதற்கு முந்தின நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா தயங்குகிறாள் என்று அவருக்குத் தெரியும்.

“நான் சொல்றது வெளியில போகாதுல்ல தம்பி?”

“போகாதுக்கா. படிவத்துல பேரே கிடையாது, நம்பர்தான். அதுவும் போக, அட்டவணையில ஒரு கட்டத்துல அஞ்சு பேருக்குக் கம்மியா வந்தா அதைத் தனியா காட்டவே மாட்டோம். பக்கத்து வரியோட சேர்த்துடுவோம். எங்க தொழில்ல முதல் பாடமே அதுதான்.”

“என்னை விட்டுட்டா என்ன? ஒரு ஆள் குறைஞ்சா குடியா முழுகிடும்?”

“நீயே சொல்லலைன்னா வேற யாருக்கா சொல்லுவாங்க?”

நான் அங்கேதான் இருந்தேன். அவர் சொன்னது ஒவ்வொன்றும் என் காதில் விழுந்தது. மறுநாள் ஒரு மாணவி படிவத்தோடு வந்தாள். கேள்வி கேட்கும்போது வீட்டில் வேறு யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று என்னை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டாள். என் வீட்டு வாசலில் நான் முக்கால் மணி நேரம் நின்றேன்.

உள்ளே அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். உங்களுக்கு இப்போதே சொல்கிறேன். அதற்கு மூன்று மாதம் முன்னால் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் கையில் பாட்டில் வெடித்து இரண்டு விரல் போயிருந்தது. பணியாளர் அதிகாரி என் மனைவியைக் கூப்பிட்டு, காயப் பதிவேட்டில் எழுத வேண்டாம், காய்ச்சல் விடுப்பு என்று வருகைப் பதிவில் போடு என்றார். இவள் போட்டாள். தன் கையால் ‘காய்ச்சல்’ என்று எழுதினாள். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, எனக்குக் காரணம் புரியவில்லை. ‘காயத்தைப் பதிய வேண்டாம் என்று உங்களுக்கு எப்போதாவது சொல்லப்பட்டதா?’ என்று அந்த மாணவி கேட்டபோது, ஆமாம் என்றாள். மற்ற இருபத்து மூன்று பேரும் இல்லை என்றார்கள்.

புத்தகம் எங்கள் அச்சகத்துக்கே வந்தது. நான்தான் புரூஃப் பார்த்தேன். அட்டவணை என்றால் எனக்குத் தனி கவனம். எழுத்துப் பிழையை வாசகர் மன்னிப்பார், எண் பிழையை மன்னிக்க மாட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். நாலாம் அத்தியாயத்தில், காயத்தைப் பதிய வேண்டாம் என்று தமக்குச் சொல்லப்பட்டதாக ஒப்புக்கொண்ட மேற்பார்வையாளர்கள் பற்றி ஓர் அட்டவணை. ஆண்கள்: 0.0 சதவீதம். பெண்கள்: 100.0 சதவீதம். அதற்குக் கீழே ஒரு பத்தி. ‘பெண் மேற்பார்வையாளர்கள் அனைவரும் தமக்கு இவ்வாறு அறிவுறுத்தப்பட்டதை உறுதி செய்கின்றனர்.’

கடைசி புரூஃபில் கையெழுத்துப் போட அவரே அச்சகத்துக்கு வந்தார். மத்தியானம். இயந்திரம் நின்றிருந்த நேரம்.

“பரவாயில்லையே மாப்ள. பொம்பளைங்க எல்லாரும் ஒரே வார்த்தையா நின்னிருக்காங்க,” என்றேன்.

அவர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

“மத்த அட்டவணையில எல்லாம் எத்தனை பேருன்னு தனியா ஒரு கட்டம் இருக்கு. இதுல மட்டும் இல்லையே. விட்டுப்போச்சா?”

“இல்ல அத்தான். இதுக்கு அது வேண்டாம்.”

பென்சிலை அந்த வரியின் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் வாங்கி வைத்த தேநீர் ஆறிப்போனது. என்னமோ யோசிக்கிறார், மேதைகள் யோசிப்பார்கள் என்று நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஓரத்தில் அவர் கையெழுத்தைப் போட்டார். அதற்குப் பக்கத்தில் நான் என் சரி அடையாளத்தைப் போட்டேன். ‘மேற்பார்வையாளர்கள்’ என்ற பன்மைக்குள் என் வீட்டுக்காரி ஒருத்திதான் நின்றுகொண்டிருக்கிறாள் என்று எனக்கு உறைக்கவில்லை. எழுத்தைப் பார்க்கத் தெரிந்த முட்டாள் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

புத்தகம் வெளிவந்தது. நாளேடுகளில் எழுதினார்கள். ‘முதன்முறையாக நிர்வாகத்தின் பக்கத்திலிருந்தே ஒப்புதல்’ என்று ஒரு தலைப்பைக்கூடப் பார்த்தேன். மூன்றாம் நேர்காணலுக்குத் தேதி வந்தது, ஒரு வியாழக்கிழமை. என் மனைவி புத்தகத்தை அலமாரியில் முன்னால் தெரியும்படி வைத்தாள். அதில் அவளுக்குப் புரியும்படி எழுதியிருந்தது முன்னுரையில் இருந்த ‘என் அக்காவுக்கு’ என்ற இரண்டு சொல்தான்.

புத்தகத்தில் தொழிற்சாலையின் பெயர் இல்லை. ‘ஒரு கண்ணாடித் தொழிற்சாலை’ என்றுதான் இருந்தது. ஊரில் இருப்பது ஒன்று.

நேர்காணலுக்குப் பத்து நாள் முன்னால் அவள் வேலையிலிருந்து வந்து, கோட்டைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இன்னிக்கு சிரிப்பு என்னைக் கூப்பிட்டார்,” என்றாள். பணியாளர் அதிகாரிக்குத் தொழிற்சாலையில் அதுதான் பெயர். எப்போதும் சிரித்த முகம். ஆளை வேலையை விட்டு அனுப்பும்போதும் அந்த முகம் மாறாது என்பார்கள்.

“என்ன சொன்னார்?”

“உக்காரச் சொன்னார். தண்ணி குடுத்தார். தம்பி புத்தகம் பிரமாதமா இருக்குன்னார். நாலாம் அத்தியாயத்தை ரெண்டு தடவை படிச்சாராம்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான். சிரிச்சார். நான் வந்துட்டேன்.” கோட்டின் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, “நாலாம் அத்தியாயத்துல என்னங்க இருக்கு?” என்று கேட்டாள்.

நான் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். 100.0 என்பதை என் விரலால் தொட்டுப் பார்த்தேன். “உங்க சூப்பர்வைசருங்கள்ல பொம்பளைங்க எத்தனை பேர்?” என்று கேட்டேன், எனக்குப் பதில் தெரிந்தும். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அந்தக் காய்ச்சல் விவகாரம் முழுவதையும் சொன்னாள். வாசலில் யாரோ செருப்பை விடும் சத்தம் கேட்டு இரண்டு பேரும் திடுக்கிட்டோம். பக்கத்து வீட்டுக்காரர்தான்.

மறுநாள் காலை பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அவர் அறை மூன்றாம் மாடியில். ஜன்னல் வரைக்கும் படிவக் கட்டுகள், ஒவ்வொரு கட்டிலும் எண் ஒட்டியிருக்கும். நான் புத்தகத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன்.

“இது தெரியாம நடந்ததா மாப்ள?”

அவர் பிடி கொடுக்காமல் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. “முதல்ல தெரியாது அத்தான். கம்ப்யூட்டர் சதவீதமா போட்டுக் குடுத்துச்சு, நூறுன்னு இருந்துச்சு, நானும் அப்படியே எழுதிட்டேன். எங்களுக்கு அது ஒரு வியாதி, சதவீதம் ஆயிட்டா ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க. உங்க அச்சகத்துல நீங்க கேட்டீங்களே எத்தனை பேருன்னு, அப்பதான் தெரிஞ்சுது.”

“தெரிஞ்சும் கையெழுத்துப் போட்ட.”

“சேர்த்துப் போட்டா இருபத்து நாலு பேர்ல ஒருத்தர். நாலு சதவீதம். அச்சுப்பிழைன்னு சொல்லித் தள்ளிடுவாங்க. புத்தகத்துல ஒண்ணுமே மிஞ்சாது அத்தான். பொருளாதாரப் புத்தகத்துல அட்டவணையை எல்லாம் யார் படிக்கப் போறாங்கன்னு நினைச்சேன்.”

“நான் படிச்சேன். சிரிப்பும் படிச்சிருக்கார்.”

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டேன். அச்சகத்துக்காரன் மூளை அந்த நேரத்திலும் வேலை செய்தது. ஒரு பிழைதிருத்தச் சீட்டு அடித்து எல்லாப் பிரதியிலும் ஒட்டிவிடலாம், நூலகங்களுக்கும் தொழிற்சாலைக்கும் அனுப்பிவிடலாம் என்றேன். ‘அட்டவணையில் இரு வரிகளும் தவறாகப் பிரிக்கப்பட்டுள்ளன, சேர்த்து வாசிக்கவும்.’ அவ்வளவு போதும். அப்படி ஒரு காகிதம் இருந்தால் அவளை யாரும் பிடிக்க முடியாது, அந்த வரியே தப்பு என்று பல்கலைக்கழகமே சொல்கிறதே என்று அவள் வாய் திறந்து பேசலாம்.

“அரை நாள்ல அடிச்சுக் குடுக்குறேன். நீ கையெழுத்து மட்டும் போடு.”

“போடுறேன் அத்தான். கண்டிப்பா போடுறேன். வியாழக்கிழமை முடியட்டும். அந்த ஒரு வரியைப் பத்திதான் குழுவுல கேட்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி நானே பிழைன்னு சீட்டு ஒட்டினா, மூணாவது தடவையும் போச்சு. வெள்ளிக்கிழமை காலையில முதல் வேலை அதுதான்.”

“அதுக்குள்ள அவங்க அவளைக் கூப்பிட்டா?”

“ஒன்பது நாள்தானே. அவங்க விசாரணைன்னு வச்சாலே மாசக்கணக்குல இழுப்பாங்க. அதைப் பத்தி நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கேன்.”

அவருக்குத் தெரியாத தொழிற்சாலையா என்று நான் நம்பினேன். அன்றைக்கே அச்சகத்துக்குப் போய்ச் சீட்டை எழுத்துக் கோத்துத் தயாராக வைத்தேன். கையெழுத்து வந்ததும் இயந்திரத்தில் ஓட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்த ஒன்பது நாளும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அவள் வேலைக்குப் போனாள், வந்தாள். ஒவ்வொரு நாளும் சிரிப்பு எதிரில் வந்து வணக்கம் சொன்னார் என்றாள். ஒரு நாள் அவள் பிரிவுக்கு வந்து, அவள் பின்னால் நின்று, காயப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனாராம். மற்ற மேற்பார்வையாளர்கள் அவளோடு சாப்பிட உட்காருவதை நிறுத்திவிட்டார்கள். “அவங்க யாரும் என்னைத் திட்டல. நான் வந்தா எழுந்து போயிடுறாங்க,” என்றாள்.

புதன்கிழமை கூப்பிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். சிரிப்பு புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அவள் கூட்டிக் குறைத்துப் பேசுகிறவள் இல்லை.

“இந்த வரி தப்பா அச்சாயிருக்குன்னு பல்கலைக்கழகம் ஒரு வார்த்தை எழுதிக் குடுத்திருந்தா எங்களுக்கு இந்த வேலையே இல்லம்மா,” என்றாராம் சிரிப்பு. “அவங்க குடுக்கல. அதனால உங்களைக் கேக்குறோம். நீங்க இப்படிச் சொல்லவே இல்ல, கேக்க வந்தவங்களா இட்டுக்கட்டி எழுதினதுன்னு இதுல கையெழுத்துப் போடுங்க. உங்க நாற்காலி உங்களுக்கே.”

காகிதம் தயாராக இருந்தது. இவள் படித்துப் பார்த்தாள். போட்டிருக்கலாம். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கோட்டைத் துவைத்திருக்கலாம். ஆனால் இட்டுக்கட்டினார் என்று ஒரு காகிதம் போனால், மறுநாள் நேர்காணல் அறையில் அவள் தம்பியின் கதை முடிந்தது. நேர்காணல் மட்டும் இல்லை, எல்லாமே.

“நான்தான் சொன்னேன்,” என்றாள்.

ஆளை நீக்கும் பழக்கம் அந்தத் தொழிற்சாலைக்கு இல்லை. சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகுகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். இல்லாவிட்டால் அந்தக் காய்ச்சல் விடுப்பை எழுதிய கை யாருடையது என்று காவல் நிலையத்தில் கேட்க வேண்டிவரும் என்று, அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாராம். எழுத வேண்டாம் என்றதும் அவர், எழுதியதற்காகப் பயமுறுத்தியதும் அவர். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

“ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல? நான் ஓடிப்போய் அந்தச் சீட்டுல அவன் கையெழுத்தை வாங்கியிருப்பேனே,” என்று கத்தினேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவளைப் பார்த்து நான் கத்தியது அன்றுதான்.

“நாளைக்கு அவனுக்கு இன்டர்வியூ. சொல்லாதீங்க,” என்றாள்.

சொல்லவில்லை. வியாழக்கிழமை நாலு மணிக்கு அவர் வீட்டுக்கு வந்தார். கிடைத்துவிட்டது என்பது நடையிலேயே தெரிந்தது. கதவைத் திறந்தவள் அக்கா என்றதும் முகம் மலர்ந்தது.

“இன்னிக்கு லீவா அக்கா?”

“ஆமா. என்ன ஆச்சு, சொல்லு.”

“கிடைச்சிடுச்சு.”

அவள் அவர் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுதாள். பொய் அழுகை இல்லை அது, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை. நடந்ததை நான்தான் சொன்னேன். அவர் மெல்லச் சுவரோரம் உட்கார்ந்தார். “ஒரு நாள். ஒரே ஒரு நாள்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வெள்ளிக்கிழமை அவர் அச்சகத்துக்கு வரவில்லை. வந்துதான் என்ன ஆகப் போகிறது? கோத்து வைத்த எழுத்தை நான் கலைத்துப் போட்டேன்.

பேராசிரியர் ஆன பிறகு அவர் வாழ்க்கை ஓட்டமாக ஓடியது. துறைத் தலைவர், அரசுக் குழுக்கள், வெளிநாட்டுக் கூட்டங்கள். அவர் குழு எழுதிய அறிக்கையால் பல தொழிற்சாலைகளில் காயப் பதிவேட்டை வெளியாள் வந்து சோதிக்கும் முறை வந்தது. அதனால் எத்தனையோ பேருக்கு நல்லது நடந்திருக்கும், அதை நான் மறைக்க மாட்டேன். புத்தகம் இரண்டாம் பதிப்பு போட்டார்கள். அதற்கும் நான்தான் புரூஃப் பார்த்தேன். அந்த வரி அப்படியே இருந்தது.

அவள் வீட்டில் இருந்தாள். வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கு எழுந்து, குளித்து, தலை வாரி, போக இடமில்லாமல் நாற்காலியில் உட்காருவாள். கழுவிய டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தம்பி வந்தால் நன்றாகத்தான் பேசுவாள். அவர் வருவதுதான் குறைந்துபோனது.

மூன்று வருஷம் கழித்து கணக்கெடுப்பின் இரண்டாம் சுற்று வந்தது. முதல் சுற்றில் பேசியவர்கள் எங்கே போயிருந்தாலும் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும் என்பது விதி. வேலையை விட்டவர்களைத் தவறவிடவே கூடாதாம், அவர்களை விட்டுவிட்டால் கணக்கு கோணிவிடுமாம். படிவத்தோடு ஒரு மாணவி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். என் மனைவி அவளை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தாள்.

“உங்க சாரையே வந்து கேக்கச் சொல்லும்மா. வேற யார் வந்தாலும் நான் பதில் சொல்ல மாட்டேன்,” என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

நாலு நாள் கழித்து அவர் வந்தார். தலை நரைத்திருந்தது. படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து போக வேண்டும் என்று அர்த்தம்.

“நான் எங்கேயும் போறதா இல்ல,” என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. அந்தத் தொழிலில் இன்னொரு விதி உண்டு. படிவத்தில் இருக்கும் சொல்லை மாற்றாமல் வாசிக்க வேண்டும். கேட்பவர் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. பதிலுக்கு உதவக் கூடாது. மாணவர்களுக்கு அவரே பல வருஷம் சொல்லிக் கொடுத்தது. பெயர் இல்லாமல், வயது, படிப்பு, வீட்டில் எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாக வாசித்தார். அவளும் முதல் தடவை பார்க்கிற ஆளுக்குச் சொல்வது மாதிரி பதில் சொன்னாள்.

“முந்தைய கணக்கெடுப்பின்போது இருந்த வேலையில் இப்போதும் இருக்கிறீர்களா?”

“இல்ல.”

பக்கத்தைத் திருப்பினார். அந்தப் பக்கத்தில் எட்டு விடைகள் அச்சடித்திருந்தன. அவற்றை வாசித்துக் காட்டக் கூடாது, பதிலைக் கேட்டுவிட்டுப் பொருத்தமானதைச் சுற்றி வட்டம் போட வேண்டும்.

“அந்த வேலையை விட்டதற்கு முக்கியக் காரணம் என்ன?”

அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபமில்லை. எந்தக் காலத்திலும் அவளுக்கு அவரிடம் கோபம் வந்ததில்லை. கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவள் வழக்கம்.

“என் தம்பி,” என்றாள்.

எட்டு விடைகளில் அது இல்லை. அவர் ‘பிற’ என்பதற்கு வட்டம் போட்டு, பக்கத்துக் கோட்டில் அந்த இரண்டு சொல்லையும் எழுதினார். அப்படி ஒரு பதில் வந்தால் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதும் படிவத்தில் இருந்தது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அக்கா என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

“வேறு ஏதேனும் காரணம் உண்டா?” என்று வாசித்தார்.

“இல்ல. அது ஒண்ணுதான்.”

அவர் குரல் கொஞ்சமாவது தடுமாறியிருந்தால் நான் எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன். தடுமாறவில்லை. தற்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறீர்களா என்று அடுத்த கேள்விக்குப் போனார்.